சுகாதார அமைச்சரின் பதில்களும் நம் உறுப்பினர்களின் கேள்விகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில், பொது சுகாதாரம் குறித்த கேள்விகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் அளிக்கும் பதில்கள் தமிழ் நாளிதழ்களில் இரண்டு பத்திச் செய்தியாக வந்து, பெரும்பாலும் பதிலின் முதல் வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த முதல் வரியும் அநேகமாக ஒன்றுதான்: பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. அதைப் படித்ததும் எதிர்க்கட்சியினர் கைகழுவுகிறார்கள் என்று கண்டிக்கிறார்கள். ஆளும் கட்சியினர் அரசியல் சட்டத்தைக் காட்டுகிறார்கள். விவாதம் அங்கேயே நின்றுபோகிறது. பணி ஓய்வுக்குப் பின் இந்தப் பதில்களை நாடாளுமன்ற இணையதளத்தில் இணைப்பு அட்டவணைகளோடு சேர்த்துப் படித்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பதில்கள் மழுப்பலாக இருப்பதற்கு அமைச்சர்கள் பாதிக் காரணம் என்றால், மழுப்புவதற்குத் தாராளமாக இடம் விட்டுக் கேட்கப்படும் கேள்விகள் மீதிப் பாதிக் காரணம்.

முதலில் அந்த முதல் வரியைப் பற்றி. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6-வது பதிவில், பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் இருப்பது உண்மை. அது அங்கே இருப்பதுதான் நமக்கு நல்லது என்பதும் என் கருத்து. 1939-ஆம் ஆண்டிலேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கண்ட மாநிலம் இது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தி, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் முறையையே மாற்றிக்காட்டியதும் இந்த மாநிலம்தான். ஆகவே, "மாநிலப் பொறுப்பு என்று சொல்லி மத்திய அரசு தப்பிக்கக் கூடாது" என்று நம் உறுப்பினர்கள் முழங்கும்போது, அந்த முழக்கம் யாருக்குப் பயன்படும் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும். சுகாதாரத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றலாம் என்ற யோசனையை 2021-இல் 15-வது நிதிக்குழுவின் தலைவர் என்.கே.சிங் வெளிப்படையாகவே முன்வைத்தார். டெல்லியே எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நாமே கேட்டுக்கொண்டிருந்தால், அதிகாரத்தையும் டெல்லியே எடுத்துக்கொள்ளட்டும் என்ற வாதத்துக்கு நாமே வழிவிட்டவர்கள் ஆவோம்.

ஆனால் அதே ஏழாவது அட்டவணையின் பொதுப் பட்டியலில் மருத்துவக் கல்வி இருக்கிறது, மருத்துவத் தொழில் இருக்கிறது, குடும்பக் கட்டுப்பாடு இருக்கிறது, தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பதும் இருக்கிறது. இவற்றைத் தவிர, மத்திய அரசே நேரடியாக நடத்தும் எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. இந்த எல்லைக்குள் நின்று கேட்கப்படும் கேள்விக்கு "மாநிலப் பட்டியல்" என்ற வரி பொருந்தாது. எல்லையைத் தாண்டிப் பொதுவாகக் கேட்டால் அந்த வரி வந்தே தீரும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்குத் தக்க உதாரணம், 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் அளிக்கப்பட்ட, நாடே கொதித்த அந்தப் பதில். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஏராளமான நோயாளிகள் இறந்தார்களா என்று காங்கிரஸ் உறுப்பினர் கே.சி.வேணுகோபால் கேட்டிருந்தார். சுகாதாரத் துறை இணை அமைச்சர் பாரதி பிரவீண் பவார் எழுத்துப்பூர்வமாக அளித்த பதிலில், சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்றும், மாநிலங்கள் இறப்பு விவரங்களைத் தொடர்ந்து அனுப்பிவருகின்றன என்றும், ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்பு என்று எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றும் சொல்லப்பட்டிருந்தது. டெல்லியில் தனியார் மருத்துவமனைகள் ஆக்சிஜன் கேட்டு உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதையும், கர்நாடகத்தின் சாமராஜநகரில் ஒரே இரவில் 24 பேர் இறந்ததையும், நம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மே முதல் வாரத்தில் ஓர் இரவில் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து இறந்ததையும், அங்கே பற்றாக்குறை எதுவும் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் மறுத்ததையும் மூன்று மாதங்களுக்குள் மறந்துவிட யாராலும் முடியாது. பதிலைப் படித்தவர்கள் பொய் என்றார்கள்.

அது பொய் அல்ல. பொய்யைவிடச் சாமர்த்தியமானது. மருத்துவமனையில் நேரும் இறப்புக்கு, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், மருத்துவர் படிவம் 4-இல் காரணம் எழுதித் தருகிறார். உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், உடனிருந்த பிற நோய்கள் என்று அதில் கேட்கப்படும். மூச்சுச் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி, கோவிட் என்று எழுதப்படும். குழாயில் அழுத்தம் குறைந்தது, லாரி வரவில்லை என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கீழே எழுதப்படாத ஒன்று மாவட்டத்திலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து டெல்லிக்கும் எப்படிப் போகும்? தன் ஆட்சியில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் செத்தார்கள் என்று எழுதிக்கொடுக்க எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் முன்வராது என்பதும் பதிலைத் தயாரித்த அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். அந்த வகையில் எல்லாக் கட்சிகளுமே அந்தப் பதிலுக்குத் துணைநின்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது கேள்வியை மாற்றி யோசித்துப் பார்க்கலாம். 2021 ஏப்ரலில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு மருத்துவ ஆக்சிஜன் என்பதைப் பங்கிட்டது மத்திய அரசு. அந்தப் பங்கீட்டைச் சீர்செய்யத்தான் மே 8 அன்று உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. முதல் அலையில் 3,095 மெட்ரிக் டன்னாக இருந்த உச்சபட்ச நாள் தேவை இரண்டாம் அலையில் 9,000 டன்னை நெருங்கியது என்ற தகவலும் ஜூலை 20 பதிலிலேயே இருக்கிறது. ஆக, இன்ன தேதியில் இன்ன மாநிலத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்டிருந்தால், மாநிலப் பட்டியலைக் காட்டித் தப்பிக்க வழியில்லை. இன்னொன்றும் கேட்டிருக்கலாம். மாவட்ட மருத்துவமனைகளில் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பி.எஸ்.ஏ. நிலையங்கள் அமைப்பதற்கு மத்திய அரசு 2020 அக்டோபரில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. சுமார் 200 கோடி ரூபாயில் 162 நிலையங்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2021 ஏப்ரல் 18 வரை அவற்றில் நிறுவப்பட்டவை 33 மட்டுமே என்று சுகாதார அமைச்சகமே அறிவித்தது. மீதி 129 நிலையங்கள் எந்தெந்த ஊரில், யாரால், எதனால் தாமதமாயின என்று தனித்தனியாகக் கேட்டால், அமைச்சகம் இணைப்பு அட்டவணை கொடுத்தே ஆக வேண்டும். அதில் மாநிலங்களின் குறையும் சேர்ந்தே வெளிவந்திருக்கும். "பலர் இறந்தார்களா?" என்ற கேள்வியில் இருந்த ஆவேசம் நியாயமானது. அந்தக் கேள்வியால் கிடைத்தது தலைப்புச் செய்தி மட்டும்தான்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, ஆக்சிஜன் தொடர்பான இறப்புகளைத் தெரிவிக்குமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டது. அடுத்த மாதமே அவையில் அளிக்கப்பட்ட பதிலில், மே 10 அன்று திருப்பதி அரசு மருத்துவமனையில், ஆக்சிஜன் தொட்டியை மாற்றி நிரப்பும் இடைவெளியில் அழுத்தம் குறைந்ததைக் குறிப்பிட்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த சில நோயாளிகள் இறந்ததாக ஆந்திர அரசு தெரிவித்திருப்பது இடம்பெற்றது. விட்டுவிடாமல் கேட்டதும் ஒரு மாநிலமாவது வாய் திறந்தது.

"மத்திய அளவில் அத்தகைய தரவு பராமரிக்கப்படுவதில்லை" என்பது இந்தப் பதில்களில் அடிக்கடி வரும் இன்னொரு வரி. 2020 செப்டம்பரில், கொரோனாவுக்குப் பலியான மருத்துவர்கள், சுகாதாரப் பணியாளர்களின் எண்ணிக்கை குறித்த கேள்விக்கு, அப்போதைய இணை அமைச்சர் அஷ்வினி குமார் சௌபே இதையே சொன்னார். காப்பீட்டு நிவாரணம் கோரியவர்களின் பட்டியல் மட்டும் இருக்கிறது என்றார். அதையடுத்து இந்திய மருத்துவச் சங்கம், உயிரிழந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டுக் கண்டித்தது. ஒரு சங்கத்தால் தொகுக்க முடிந்ததை ஓர் அமைச்சகத்தால் தொகுக்க முடியாமல் போனது எப்படி என்பதுதான் களப்பணியில் இருந்தவர்களுக்கு விளங்காத புதிர். ஏனென்றால், துணை சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை, பிரசவம் எத்தனை, தடுப்பூசி எத்தனை, உள்நோயாளிகள் எத்தனை என்று மாதாமாதம் டெல்லிக்குப் போகும் தகவல் மேலாண்மை அமைப்பு 2008 முதல் நடப்பில் இருக்கிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை பற்றி எஸ், பி, எல் என்று மூன்று வகைப் படிவங்களை வாராவாரம் நிரப்பி அனுப்பிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தப் படிவம் ஒரு வாரம் தாமதமானாலும் மேலிடத்திலிருந்து எப்படிப்பட்ட தொலைபேசி வரும் என்பது என் காலத்துச் சுகாதார ஆய்வாளர்கள் அனைவருக்கும் நினைவிருக்கும். தரவு டெல்லிக்குப் போகாமல் இல்லை. எந்தத் தரவைக் கேட்பது என்ற தேர்வு டெல்லியில் நடக்கிறது. ஆகவே உறுப்பினர்கள் எண்ணிக்கை கேட்பதோடு நிறுத்தாமல், "இந்தத் தகவலைக் கோரி மாநிலங்களுக்கு அமைச்சகம் எந்தத் தேதியில் கடிதம் எழுதியது, எந்தெந்த மாநிலம் பதில் அனுப்பியது?" என்ற உட்கேள்வியையும் சேர்த்துவிட வேண்டும். கடிதம் எழுதவே இல்லை என்றால் அதுவும் பதிவாகட்டும்.

தரவு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் வேறு வகையான எச்சரிக்கை தேவைப்படுகிறது. நாட்டில் எத்தனை பேருக்கு ஒரு மருத்துவர் என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் தவறாமல் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் 834 பேருக்கு ஒருவர் என்று பதில் வந்தது. அண்மைக்காலப் பதில்களில் அது 811 பேருக்கு ஒருவராகியிருக்கிறது. ஆயிரத்துக்கு ஒருவர் என்ற உலக சுகாதார நிறுவன அளவையும் தாண்டிவிட்டோம் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பதிலின் உள்ளே படித்தால், பதிவு பெற்ற அலோபதி மருத்துவர்கள் 13,86,150 பேர், ஆயுர்வேதம், சித்தா, ஓமியோபதி முதலிய ஆயுஷ் மருத்துவர்கள் 7.51 லட்சம் பேர், இரு பிரிவிலும் 80 சதவீதத்தினர் பணியில் இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதே கணக்கில் ஆயுஷ் மருத்துவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 1,250 பேருக்கு ஒருவர் என்று வருகிறது. சித்த மருத்துவர்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு சிசேரியன் தேவைப்படும் பெண்ணுக்கு இந்தச் சராசரி உதவாது என்பதே என் வாதம். அவருக்குத் தேவை மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும். அந்தக் கணக்கு மத்திய அரசின் கிராமப்புறச் சுகாதாரப் புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது: 2021-22 நிலவரப்படி, கிராமப்புறச் சமுதாய சுகாதார மையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் 79.5 சதவீதம் பற்றாக்குறை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாட்டில் சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் வட்ட, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில்தான் பணியில் இருக்கிறார்கள். மத்திய அரசின் அட்டவணையில் சமுதாய சுகாதார மையம் என்று எண்ணப்படுவதோ நம் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம். அதனால் அட்டவணையில் நம் மாநிலம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு கேட்காத உறுப்பினர் தன் மாநிலத்துக்கு எதிராகத் தானே ஒரு பதிலை வாங்கி வைத்துவிட்டுப் போவார்.

மதுரை எய்ம்ஸ் விஷயத்தில் மாநிலப் பட்டியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2015 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு. 2018 ஜூனில் தோப்பூர் தேர்வு. அதே ஆண்டு டிசம்பரில் 1,264 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல். 45 மாதங்களில் முடியும் என்ற அறிவிப்பு. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல். அந்த 45 மாதங்கள் 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டன. இடையில் ஜப்பானிய கடனுதவி ஒப்பந்தம் கையெழுத்தாகவே 2021 மார்ச் ஆனது. மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்தது, அதில் 1,627.70 கோடி ஜப்பானியக் கடன். கட்டுமானம் உண்மையில் தொடங்கியது 2024-இல். 2022 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட முதல் 50 மாணவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கடன் வாங்கிப் படிப்பைத் தொடங்கினார்கள். இந்த ஆண்டுகள் நெடுகிலும் நம் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் கேட்டது ஒரே கேள்வி: மதுரை எய்ம்ஸ் எந்த நிலையில் இருக்கிறது, எப்போது முடியும்? கடன் பேச்சுவார்த்தை நடக்கிறது, திட்ட மேலாண்மை ஆலோசகர் நியமிக்கப்பட்டார், ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடிய அதே பதில் வந்தது. முடியும் தேதி மட்டும் 2026-க்குத் தள்ளிப்போனது. தேர்தல் மேடையில் மதுரை எய்ம்ஸ் இதுதான் என்று தூக்கிக் காட்டப்பட்ட ஒற்றைச் செங்கல் சாதித்த அளவுக்குக்கூட அவையில் அந்தக் கேள்விகள் சாதிக்கவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

எப்போது முடியும் என்பது வாக்குறுதியைக் கேட்கும் கேள்வி. அமைச்சர் தாராளமாக வாக்குறுதி கொடுப்பார். அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை. முதல் அணி மாணவர்களுக்கு ஒவ்வொரு துறையிலும் நோயாளிகளோடு பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கைகளில் நடந்தது. 900 படுக்கைகளில் முதல் கட்டத்தில் திறக்கப்படுபவை எத்தனை. மதிப்பீடு உயர்ந்ததில் தாமதத்தால் மட்டும் கூடிய தொகை எவ்வளவு என்று கேட்டால், பதிலில் எண்கள் வந்தாக வேண்டும். எய்ம்ஸ் வாரியாக ஆசிரியர் காலியிட அட்டவணையை அமைச்சகம் கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

நடைமுறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். இரண்டாம் வகைக்கு எழுத்துப்பூர்வ பதிலோடு கதை முடிந்தது. அந்த 20-லும் ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படுபவை சில மட்டுமே. சபையே அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் இல்லை. கேள்வி நேரத்தை முடக்குவதால் அதிகம் நிம்மதி அடைபவர் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்தான் என்பதை எதிர்க்கட்சியினர் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் அரசே கேள்வி நேரத்தை ரத்து செய்தபோது ஜனநாயகப் படுகொலை என்று சரியாகவே சொன்னவர்கள், மற்ற கூட்டத்தொடர்களில் அதே மணி நேரத்தைத் தாங்களே பதாகை பிடித்துக் கழிப்பதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்? போதிய பதில் கிடைக்காவிட்டால் அரைமணி நேர விவாதம் கோரலாம். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால், அது அரசின் உறுதிமொழியாகக் கருதப்பட்டு மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அதைக் கண்காணிக்க இரு அவைகளிலும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. சுகாதாரம் தொடர்பாகத் தாங்கள் பெற்ற உறுதிமொழிகளில் நிலுவையில் உள்ளவை எத்தனை என்பதை நம் உறுப்பினர்கள் தங்கள் தொகுதி மக்களுக்கு எப்போதாவது சொன்னதுண்டா?

அமைச்சர்கள் தரப்பில் பாராட்ட வேண்டியதையும் மறைக்கக் கூடாது. இணைப்பு அட்டவணைகள் பல நேரங்களில் பதிலைவிட நேர்மையானவை. மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணம் கொடுப்பதன் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று சுகாதார அமைச்சர் அவையில் பெருமையோடு குறிப்பிடும்போது, அது தேசிய சுகாதாரக் கணக்கின் அதிகாரபூர்வமான எண்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அரசின் சுகாதாரச் செலவில் பெரும்பகுதியைச் செய்பவை மாநிலங்கள். குறை கேட்டால் மாநிலப் பட்டியலில் இருக்கும் சுகாதாரம், சாதனையைச் சொல்லும்போது மட்டும் மத்தியப் பட்டியலுக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. அதே கணக்கின்படி 2021-22-இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை நிர்ணயித்த இலக்கு இருந்தது. முதல் எண்ணைச் சொல்லும் அமைச்சரிடம் உடனே இரண்டாவது எண்ணைத் துணைக் கேள்வியாக எழுப்ப ஓர் உறுப்பினராவது தயாராக வந்திருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் நடக்கும்போது வாரம் ஒருமுறை, தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் மாநிலங்களவையில் உள்ள 18 பேரும், புதுச்சேரியின் உறுப்பினர்களும் சுகாதாரம் குறித்துக் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தமிழில், அட்டவணையோடு வெளியிடுங்கள். கேள்வியை முழுமையாக அச்சிடுங்கள். கேட்டவர் பெயரையும் தொகுதியையும் போடுங்கள். கேட்காதவர்களின் பட்டியலையும் கூட்டத்தொடரின் முடிவில் ஒருமுறை வெளியிட்டால் நல்லது. மக்களவையில் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், அடுத்த கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டவுடனேயே தொகுதி வாசகர்களிடமிருந்து கேள்விகளைத் திரட்டி உறுப்பினர்களின் அலுவலகத்துக்கு அனுப்பும் பணியையும் தங்கள் நிருபர்கள் செய்யலாம். மதுரை எய்ம்ஸ் பேராசிரியர் பணியிடங்கள் குறித்து நான் மேலே எழுதியிருப்பதை எந்தக் கட்சி உறுப்பினர் அப்படியே எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
விருதுநகர் மாவட்டம்